வேலையை விடாமல் பட்டம் பெறலாமா?

(கிள்ளானில் தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கூட்டிய கல்விக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

சம்பளக் குறைவு, வேலைநீக்கம், குடியிருப்பு ஆகிய குறைகளோடு நம்மவர்கள் சங்கத்தை நாடி வருவது வழக்கம். இப்பொழுது வேறொரு கேள்வியும் வருகிறது. "ஐயா, வேலையை விடாமல், இணையத்தின் வழியாகப் படித்தே பட்டம் பெறலாம் என்கிறார்களே, இது மெய்தானா? பணம் கட்டலாமா?" என்று கேட்கிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவரின் மகன் கேட்கிறான். துறைமுகத்துக்கு லோரி ஓட்டும் தம்பி கேட்கிறார். ஷா ஆலம் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் தங்கை கேட்கிறார். இவர்களுக்கெல்லாம் சேர்த்து இன்று விடை கூற முற்படுகிறோம்.

பட்டம் நமக்கு எதற்கு என்று எவரும் எண்ண வேண்டாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தது. பள்ளி வந்தது. ஆனால் ஆறாம் வகுப்போடு நம் பிள்ளைகளில் பலருக்குப் படிப்பு முடிந்து, மறுநாள் பெரட்டுக்களம் தொடங்கிவிட்டது. பின்னர் அந்தத் தோட்டங்களே போயின. சீபீல்டு தோட்டம் இருந்த மண்ணில்தான் இன்று சுபாங் ஜெயா நகரம் நிற்கிறது. அதே சுபாங் ஜெயாவில் தொலைக்கல்வி நடத்தும் ஏசியா இ பல்கலைக் கழகம் இருக்கிறது. அந்த மண்ணில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அதன் வாசலைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போனால் மட்டும் போதுமா?

இனிக் கேள்விகளுக்கு வருவோம்.

முதற் கேள்வி: வீட்டிலிருந்து படித்த பட்டம் உண்மையான பட்டமா? ஆம். இது நேற்று முளைத்த ஏற்பாடன்று. இலண்டன் பல்கலைக் கழகம் 1858லேயே வெளியூரிலிருந்து படிப்போருக்குத் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது. டில்லிப் பல்கலைக் கழகம் 1962ல் அஞ்சல் வழிக் கல்வியை ஆரம்பித்தது. 1971ல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியது. அதே ஆண்டில் பினாங்கில் நம் அறிவியல் பல்கலைக் கழகமும் வேலை பார்ப்போருக்கு வெளிவளாகப் படிப்பைத் தொடங்கியது. நம் நாட்டின் 11 அரசாங்கப் பல்கலைக் கழகங்கள் கூடி அமைத்த கூட்டு நிறுவனத்தின் கீழ், மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 2000ல் நிறுவப்பட்டு, 2001ல் மாணவர்களைச் சேர்த்தது. பினாங்கில் 2006ல் அமைந்த வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 2007ல் பாடங்களைத் தொடங்கிற்று. நாட்டின் கல்வித் தகுதிச் சட்டகத்தில் எட்டுப் படிகள் உண்டு. இளங்கலைப் பட்டம் ஆறாவது படி. வகுப்பில் உட்கார்ந்து படித்தவனுக்கு ஒரு படி, வீட்டில் படித்தவனுக்கு அதற்குக் கீழே ஒரு படி என்று அதில் கிடையாது.

இரண்டாவது கேள்வி: போலியை எப்படிக் கண்டுகொள்வது? தோழர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். நம்மவர் காசு பறிபோவது இந்த இடத்தில்தான். 2007 முதல் மலேசியத் தகுதி முகமை என்னும் அரசாங்க அமைப்பு இயங்கி வருகிறது. எம்.கியூ.ஏ. என்று சொல்கிறார்களே, அதுதான். அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்பையும் அது ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கிறது. அதைக் கைப்பேசியிலேயே காசில்லாமல் பார்க்கலாம். கல்லூரியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. நீங்கள் சேரப் போகும் அந்தப் படிப்பின் பெயர் இருக்க வேண்டும். அங்கீகாரம் படிப்புக்குப் படிப்பு கொடுக்கப்படுவது. ஒரே கல்லூரியில் ஒரு படிப்பு பதிவேட்டில் இருக்கும். மற்றொன்று இல்லாமற் போகலாம். தற்காலிக அங்கீகாரம் என்பது வேறு, முழு அங்கீகாரம் என்பது வேறு. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"பதிவேட்டில் இல்லாவிட்டால் என்ன, உலகமே ஒப்புக்கொண்ட பட்டம் இது" என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். படிக்காமல், தேர்வு எழுதாமல், சில வாரங்களில் பட்டம் என்றால் அது பட்டமன்று, அச்சடித்த காகிதம். இன்றே மொத்தப் பணத்தையும் ரொக்கமாகக் கட்டினால் தள்ளுபடி என்று அவசரப்படுத்துகிறவரிடமும் எச்சரிக்கையாய் இருங்கள். பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நோட்டீசு கொடுத்தாலும் சரி, கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக் கூட்டத்தில் கொடுத்தாலும் சரி, நோட்டீசை வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்தைப் பதிவேட்டைப் பார்த்த பின் போடுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக் கழகத்தின் பட்டமானால் அது அந்த நாட்டில் நல்ல பட்டமாகவே இருக்கலாம். ஆயினும் நீங்கள் வேலை கேட்கப் போவது இங்கே. இங்கே ஏற்பார்களா என்று சேருமுன் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது நம்மவர் குரல் தாழ்ந்துவிடுகிறது. "எஸ்.பி.எம். தேர்வில் சரியாகத் தேறவில்லை. பதினேழு வயதில் வேலைக்கு வந்துவிட்டேன். எனக்கும் இடம் உண்டா?" உண்டு, தோழரே. வேலை அனுபவத்தைக் கல்வியாக மதிப்பிடும் ஏற்பாட்டுக்கு ஏபெல் என்று பெயர். இளங்கலையில் சேர 21 வயது நிறைந்து, படிப்புக்குத் தொடர்புடைய வேலை அனுபவமும் இருந்தால், அதற்குரிய தேர்வை எழுதி, செய்த வேலைகளின் சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்துத் தேறலாம். பத்தாண்டு பண்டகசாலையில் சரக்குக் கணக்குப் பார்த்தவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல எவரால் முடியும்? அந்த அறிவை ஏட்டில் காட்டச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஆகையால் வேலை உறுதிக் கடிதம், சம்பளச் சீட்டு, பயிற்சிச் சான்றிதழ் எதையும் தூக்கி எறியாதீர்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தச் சேர்க்கைத் தேர்வு உள்ளே போகும் வாசல்தான், பட்டமன்று. உள்ளே போன பின் எல்லாரையும் போலப் படித்தாக வேண்டும். அனுபவத்தை மதிப்பிட்டுச் சில பாடங்களைக் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு, அதையும் கேளுங்கள்.

நான்காவது, பணம். மாதக் கட்டணம் இவ்வளவு என்று சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது அதுவன்று. முதல் நாளிலிருந்து பட்டமளிப்பு வரை மொத்தம் எவ்வளவு, தேர்வுக் கட்டணம் சேர்த்தியா, ஒரு பாடத்தில் தவறினால் மறுபடி எவ்வளவு, நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்று கேளுங்கள். அந்த மொத்தத்தை 1,700ஆல் வகுத்துப் பாருங்கள். 2025ல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. எத்தனை மாத உழைப்பை அந்தப் பட்டம் கேட்கிறது என்று அப்பொழுது விளங்கும். ஊழியர் சேமநிதியில் சந்தாதாரர் தம் படிப்புக்கோ பிள்ளைகள் படிப்புக்கோ எடுக்க இடமுண்டு. 2024 மே மாதம் கணக்குகளை மூன்றாகப் பிரித்த பின், சுபிட்சக் கணக்கு எனப்படும் அக்காவுன் செஜாத்ராவிலிருந்து அதை எடுக்க வேண்டும். பி.டி.பி.டி.என். எனப்படும் உயர்கல்விக் கடன் நிதி 1997ல் அமைந்தது. உங்கள் படிப்புக்கும், பகுதிநேர முறைக்கும் அது கிடைக்குமா என்று சேருமுன் உறுதி செய்துகொள்ளுங்கள். சேமநிதி முதுமைக்கு வைத்த அரிசி. கடனோ திருப்பிக் கட்ட வேண்டியது. பதிவேட்டில் இல்லாத ஒரு படிப்புக்கு இவ்விரண்டையும் கொட்டியவருக்கு வேலையும் உயராது, முதுமையும் மெலிந்துபோகும்.

ஐந்தாவது, வேலை கிடைக்குமா என்பது. பட்டம் விண்ணப்பம் போடும் தகுதியைக் கொடுக்கும். வேலையைக் கையில் கொடுக்காது. பொறியியல், சட்டம், தாதியர் தொழில் போன்றவற்றுக்குத் தனித்தனி வாரியங்கள் உண்டு. அந்த வாரியம் ஏற்காவிட்டால் பட்டம் கையில் இருந்தும் தொழில் செய்ய இயலாது. கணக்கியல், மனிதவள நிர்வாகம், வேலையிடப் பாதுகாப்பு, குழந்தைக் கல்வி என்று எதை எடுத்தாலும், இப்பொழுது பார்க்கும் வேலையில் அடுத்த படிக்கு எது தேவை என்று விசாரித்து எடுங்கள்.

இதுவரை கூறியவை கல்லூரியைப் பற்றிய கேள்விகள். இனி வருவது நம்மைப் பற்றியது. நம்மவர்கள் இதை அதிகமாகக் கேட்பதில்லை. ஆயினும் எல்லாவற்றிலும் பெரியது இதுவே. படிக்க நேரம் எங்கே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு மாணவன் 40 மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது நாட்டின் அளவுகோல். வாசிப்பு, வகுப்பு, கட்டுரை, தேர்வு எல்லாம் அதில் அடங்கும். ஆக மொத்தம் 4,800 மணி. வாரம் 16 மணி நேரம் தவறாமல் படித்தால் 300 வாரம். ஏறக்குறைய ஆறு ஆண்டு. "ஓய்வு நேரத்தில் சுலபமாகப் படிக்கலாம்" என்று நோட்டீசு சொல்கிறது. இந்த 4,800 மணியை அது சொல்வதில்லை.

சட்டப்படி வாரத்துக்கு 45 மணி வேலை. முன்பு 48 இருந்தது. 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து குறைந்தது. அந்த மூன்று மணியைப் புத்தகத்துக்குக் கொடுத்தால் ஓராண்டில் 156 மணி, அதாவது ஏறக்குறைய நான்கு கிரெடிட். ஒரு பாடம் முடிந்துவிடும். ஆனால் ஓவர்டைம் என்று ஒன்று இருக்கிறதே! மாதத்துக்கு 104 மணி வரை சட்டம் அனுமதிக்கிறது. அது வாரத்துக்கு 24 மணி. பட்டத்துக்கு வேண்டியது 16 மணிதான். நம் இளைஞனுக்கு நேரம் இல்லாமல் இல்லை. அந்த நேரத்தை வீட்டு வாடகைக்கும் மோட்டார் சைக்கிள் தவணைக்கும் விற்றுவிட்டு வந்து நிற்கிறான். அவன் சோம்பேறி அல்லன். ஓவர்டைம் செய்யாமல் குடும்பம் நடத்தச் சம்பளம் போதவில்லை. ஆகையால் சம்பளத்துக்காக நாம் நடத்தும் போராட்டமும் கல்விக்காக நடத்தும் போராட்டமும் வெவ்வேறு என்று நினைக்காதீர்கள்.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தின் 60பி பிரிவுப்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டவுடன் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லைதான். ஆனால் தேர்வு வாரத்தில் இரவு ஷிஃப்ட் வேண்டாம் என்று வாய்மொழியாகச் சூபர்வைசரிடம் கெஞ்சுவதைவிட இது மேல். தனியாக எழுதத் தயங்கினால் சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். கூட்டு ஒப்பந்தம் பேசும்போதும் தேர்வு விடுமுறையை ஒரு கோரிக்கையாக வைப்போம்.

ஆண்களுக்கும் ஒரு சொல். வீட்டில் மனைவியோ மகளோ தங்கையோ படிக்க முன்வந்தால், வேலை முடிந்து வந்த பின் அடுப்பும் துணியும் அவள் தலையில்தான் என்று விட்டுவிடாதீர்கள். வாரம் 16 மணி அவளுக்கு எங்கிருந்து வரும்? சமையலை நீங்கள் பார்த்தால் வரும்.

கிள்ளானில் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. போக ஒன்று, வர ஒன்று. ஐந்து நாளைக்குப் பத்து மணி. அதில் பாதியாவது பாடத்துக்குப் போகட்டும். பக்கத்து வீடுகளில் மூவர் நால்வர் ஒரே படிப்பில் சேர்ந்தால் ஞாயிறு காலையில் கூடிப் படியுங்கள். பாடங்கள் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஒருவருக்குப் புரியாததை மற்றவர் தமிழில் விளக்கலாம். தனியாகப் படிப்பவன் முதல் தோல்வியில் நின்றுவிடுவான். கூட்டமாகப் படிப்பவனை மற்றவர்கள் நிற்க விடமாட்டார்கள். தொழிற்சங்கம் கட்டிய நமக்கு இது புதிய பாடமன்று.

தோழர்களே! பதிவேட்டைப் பாருங்கள். மொத்தக் கட்டணத்தைக் கேளுங்கள். 4,800 மணியை எங்கிருந்து எடுப்பது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதுங்கள். அதன் பின் துணிந்து சேருங்கள். கூட்டம் முடிந்ததும் சங்கத் தோழர்கள் அந்த மேசையில் இருப்பார்கள். கையில் நோட்டீசு வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று இப்பொழுதே தேடிப் பார்த்துவிடுவோம்.