கருவியை விலக்கிய பின்

தாம்பரம் சானடோரியத்தை டாக்டர் சவுரிமுத்து 1928இல் நிறுவியபோது காசநோயைத் தீர்க்கும் மருந்து உலகில் எங்கணும் இல்லை. ஓய்வு, தூய காற்று, நல்லுணவு, உடனிருந்து பேணுதல் ஆகியனவே சிகிச்சையாயின. அவையும் மருத்துவமே.

மீட்சிக்கு வழியற்ற நோயாளியின் உயிர்காப்புக் கருவியை விலக்குதல் சட்டத்திற்கு உட்பட்டதே என உச்சநீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. நோயாளி முன்னரே எழுதிவைத்த விருப்ப ஆவணம் செல்லும்; இரு மருத்துவக் குழுக்களின் ஒப்புதல் வேண்டும். பணம் தீர்ந்தமையால் குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ ஒரு குடும்பம் தந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்குக் கொணர்வது இதில் அடங்காது. அதனை அறம் சார்ந்த முடிவென அழைப்பது வறுமைக்கு முலாம் பூசுவதாகும்.

முறைப்படி விலக்கினும் பணி முடிவதில்லை. மூச்சுத்திணறலைத் தணிக்க மார்ஃபின் வேண்டும். உலர்ந்த நாவை நனைக்கவும் இரவெல்லாம் அருகிருக்கவும் ஆள் வேண்டும். ஒப்புதலில் கையெழுத்திடுமுன் இவற்றுக்கு என்ன ஏற்பாடு உள்ளதென்று குடும்பத்தார் மருத்துவமனையைக் கேட்டறிதல் வேண்டும்.