மகனைக் கேட்ட தந்தை: ஈச்சர வாரியர் நினைவுரை



பேராசிரியர் டி.வி. ஈச்சர வாரியர் கட்சித் தலைவர் அல்லர். மேடைப் பேச்சாளரும் அல்லர். கோழிக்கோட்டில் அரசுக் கல்லூரியில் இந்தி கற்பித்த ஆசிரியர். ஒரு மகனுக்கும் இரு மகள்களுக்கும் தந்தை. 2006 ஏப்ரலில் மறைந்த அந்த எளிய மனிதரை ஒரு புரட்சிகர இயக்கம் நினைவுகூர வேண்டியதன் காரணத்தை அவரது வாழ்க்கையே சொல்லும்.

மகன் ராஜன் கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர். நெருக்கடி நிலைக் காலம் அது. 1976 பிப்ரவரி 28 அன்று காயண்ணா காவல் நிலையம் தாக்கப்பட்டது. அதையொட்டி நக்சலைட் வேட்டை என்ற பெயரில் ஊர் ஊராகக் கைதுகள் நடந்தன. மார்ச் 1 விடியற்காலையில் கல்லூரி வளாகத்தில் பிடிக்கப்பட்ட ராஜன், கக்கயம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இளைஞர்களைப் பெஞ்சில் கிடத்தித் தொடைகளின் மீது உலக்கையை உருட்டிச் சதையை நசுக்கிய கொடுமை அரங்கேறிய இடம் அது. மகன் கைதான செய்தி கல்லூரி முதல்வரின் கடிதம் வழியாகத்தான் தந்தைக்குத் தெரியவந்தது.

அன்று தொடங்கியது அவரது அலைச்சல். காவல் நிலையங்களிலும் சிறைகளிலும் அமைச்சர்களின் வாசல்களிலும் அவர் கேட்டது ஒன்றுதான்: மகன் எங்கே? உள்துறை அமைச்சராக இருந்தவர் காங்கிரசின் கே. கருணாகரன். முதலமைச்சராக இருந்தவரோ கம்யூனிஸ்ட் பெயர் தாங்கிய கட்சியின் தலைவர் சி. அச்சுத மேனன். அந்த வாசலிலும் தந்தைக்கு விடை கிடைக்கவில்லை என்பதை இடதுசாரிகள் கூச்சத்தோடு நினைவில் வைத்திருக்கத்தான் வேண்டும்.

நீதிமன்றத்துக்கும் போக வழியில்லை. 1976 ஏப்ரல் 28 அன்று, நெருக்கடி நிலையின்போது ஆட்கொணர்வு மனு கொண்டுவர எவருக்கும் உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். கதவு திறக்கும்வரை தந்தை காத்திருந்தார். 1977 மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை நீங்கியது. நான்கே நாளில், மார்ச் 25 அன்று, கேரள உயர் நீதிமன்றத்தில் அவரது மனு பதிவாயிற்று. கருணாகரன் முதலமைச்சர் ஆனதும் அதே நாளில்தான்.

ராஜனைக் கைது செய்யவே இல்லை என்றது அரசு. கண்ணால் கண்டவர்கள் அஞ்சாமல் வந்து சாட்சி சொன்னார்கள். ராஜனை நேர்நிறுத்துமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரே மாதத்தில் முதலமைச்சர் பதவி விலகினார். இறுதியில், காவலில் ராஜன் இறந்ததை அரசே ஒப்புக்கொண்டது. உடல் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. கொலைக் குற்றத்துக்காக எவரும் தண்டிக்கப்படவும் இல்லை.

தோழர்களே, இவை நாடறிந்தவை. வீட்டுக்குள் நடந்ததையும் அறிய வேண்டும். ராஜனின் தாய் மனநலம் குன்றியிருந்தவர். மகன் ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்த மனைவியிடம் உண்மையைச் சொல்லக் கணவருக்கு மனம் வரவில்லை. ஏதேதோ காரணம் சொல்லி ஆண்டுக்கணக்கில் சமாளித்தார். நள்ளிரவில் மகன் பசியோடு வந்துவிட்டால் என்ன செய்வது என்று அந்த வீட்டில் சோறும் இலையும் எடுத்துவைக்கப்பட்டிருந்தன. மகனுக்கென்று சேர்த்த நாணயங்களைப் பொட்டலமாகக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, 2000ஆம் ஆண்டில் அந்தத் தாய் கண்மூடினார்.

உண்மையைச் சொல் என்று அரசிடம் கேட்டுப் போராடிய மனிதர், தம் வீட்டில் உண்மையை மறைத்துவைக்க நேர்ந்தது. அந்தப் பொய்யை அவர் நாவில் ஏற்றியது அரசு. ஓர் இளைஞனின் உயிரைப் பறித்த அதிகாரம், ஒரு தாய்க்கு அழுது தீர்ப்பதற்கான உரிமையையும் சேர்த்துப் பறித்தது. இறந்தவனுக்கு ஈமச்சடங்கு உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவனுக்கு அதுவும் இல்லை.

தமது துயரை அவர் 'ஒரு அச்சன்டெ ஓர்மக்குறிப்புகள்' என்ற மலையாள நூலாக எழுதினார். இந்தியா முழுவதற்கும் பொருந்தும் சாட்சியம் அது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான உடன்படிக்கையில் 2007இல் கையெழுத்திட்டது. இரண்டையும் இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 1976இன் அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2017 வரை ஆயிற்று. காசுமீரிலும் மணிப்பூரிலும் பஸ்தரிலும் கையில் நிழற்படத்தோடு நிற்கும் பெற்றோருக்கு இன்னமும் விடை இல்லை.

மகன் மீதான பாசம் எல்லா வீடுகளிலும் உண்டு. அந்தப் பாசத்தை நாட்டின் சட்டக் கேள்வியாக நிமிர்த்தி நிறுத்தியவர் ஈச்சர வாரியர். பிள்ளையைத் தேடி ஒரு தந்தை காவல் நிலையப் படியேறும்போது அவரைத் தனியே போகவிடாமல் உடன் செல்வோம். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.