படம் காத்த நூலகம்

நூலகம் என்றால் புத்தகம் இரவல் வாங்கும் இடம்தானே என்பீர்கள். நியூயார்க்கில் ஹெலன் கிளே ஃபிரிக் அம்மையார் 1920இல் தொடங்கிய கலை நூலகம் வேறு மாதிரி. ஓவியங்களைப் புகைப்படம் எடுத்து அட்டையில் ஒட்டி, வரைந்தவர் யார், எவர் வீட்டில் இருக்கிறது, யார் கைமாறி வந்தது என்றெல்லாம் எழுதி வைப்பார்கள். (நம் வீட்டுத் தகரப்பெட்டியில் தாத்தா படம் கிடக்குமே, பின்னால் பெயர் எழுதினோமா?)

சலிப்பான வேலைதான். ஆனால் 1943இல், உலகப் போர் நடுவே, அந்த நூலகம் வாசகர்களுக்குக் கதவைச் சாத்தியது. ஏறக்குறைய ஆறு மாதம் அறிஞர் குழு ஒன்று உள்ளே உட்கார்ந்து, ஐரோப்பிய நகரங்களில் எந்தத் தேவாலயம், எந்தக் கலைக்கூடம் எங்கே என்று வரைபடங்களில் குறித்தது. குண்டு அங்கே விழக்கூடாதே! எல்லாம் தப்பிவிடவில்லை. அழிந்த சிலவற்றுக்கு இன்று அட்டையில் ஒட்டிய படம்தான் மிச்சம்.