சபையின் நலத்தை எதில் காண்பது?



ஞாயிறு ஆராதனைக்குக் கூட்டம் நிறைந்துவிட்டால், "சபை நன்றாக நடக்கிறது" என்று மகிழ்கிறோம். ஒலிபெருக்கி புதிதாக வாங்கினாலும் அப்படியே சொல்லிக் கொள்கிறோம். ஆனால் முதற்சபையின் வரலாறு வேறோர் அடையாளத்தைக் காட்டுகிறது.

எருசலேமில் சபை வேகமாகப் பெருகிவந்த காலம். நாள்தோறும் ஏழைகளுக்கு உணவு பங்கிட்டார்கள். அந்தப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் இதை மூடி மறைக்கவில்லை. "குறை சொல்கிறவன் சபையைக் கெடுக்க வந்தவன்" என்று எவரும் அவர்கள் வாயை அடைக்கவுமில்லை. அப்போஸ்தலர்கள் சபையாரைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள்! அந்நாளில் மற்ற யூதரும் கிரேக்கப் பெயர் வைத்துக்கொண்டதுண்டு. ஆயினும் குறை சொன்னவர்கள் பக்கத்தாரிடமே பந்திப் பொறுப்பு போய்ச் சேர்ந்தது என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. நம் ஊர்களில் குறை சொன்னவர் கையில் சாவியைக் கொடுத்த சங்கம் எத்தனை?

கொரிந்துவில் கதை வேறு. அங்கே வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு வெட்கப்பட்டு நின்றார்கள். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பவுல் கண்டித்து எழுத வேண்டியதாயிற்று.

இந்நோய் தமிழ்ச் சபைகளுக்கும் புதிதன்று. 1833ஆம் ஆண்டில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை அறவே விட்டுவிட வேண்டும் என்று கட்டளையிட்டார். ஆராதனையில் தனித்தனியே அமர்ந்து பழகிய தஞ்சாவூர்க் கிறிஸ்தவர் பலர் அதை எதிர்த்தனர். சபையை விட்டும் விலகினர். தலைகளை மட்டும் எண்ணினால் அன்று சபை மெலிந்ததுதான். நோய் அன்று வந்ததன்று. உள்ளே நெடுநாள் இருந்தது அன்று வெளிப்பட்டது, அவ்வளவே. கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் முன்னோரில் சிலர், துணி மூட்டையோடு அதையும் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

லயத்தில் வாழ்ந்தபோது ஒருவர் படுத்துவிட்டால் அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போனபின் அது தானாக நடப்பதில்லை. வேலை போனவர் காணிக்கை போடக் காசில்லை என்று கூசி, வராமலே நின்றுவிடுகிறார். அவரைத் தேடிப் போகும்போது சந்தா பாக்கியைப் பற்றிப் பேச வேண்டாம். அரை மணி நேரம் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்டால் போதும். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைப் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்ப்போம். மூன்று வாரமாக வராதவர் யார் என்று குறித்துக்கொண்டு, அன்று மாலையே இருவர் இருவராகப் புறப்படலாம்.