கண் எங்கே இருக்கிறது?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். நம்ம பிள்ளைங்க கணினியில் ஓட்டுகிறார்களே ஆகாய விமானம், அதைப் பற்றி. "அது வெறும் விளையாட்டுத்தானே சார்" என்று ஒரு தாயார் சொல்வது என் காதில் விழுகிறது. இருக்கட்டும் அம்மா, கொஞ்சம் கேளுங்கள்.

தரையில் இருந்துகொண்டே பறக்கப் பழகுவது புதிய வழக்கம் அல்ல. 1929-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் அப்படி ஒரு பெட்டியைச் செய்தார். அவர் தந்தை ஆர்கன் வாத்தியம் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர். அந்த வாத்தியத்தின் துருத்தியை வைத்தே மகன் அந்தப் பெட்டியை ஆட வைத்தார். உள்ளே உட்கார்ந்து மேலே மூடிக்கொண்டு, மீட்டர்களை மட்டும் பார்த்து ஓட்டப் பழகுவார்கள். வெளியே பார்க்கும் வேலையே இல்லை. 1982-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வீட்டுக் கணினிக்கு பிளைட் சிமுலேட்டர் என்ற ஒன்றை வெளியிட்டது. அதில் கோடு கோடாகத் தெரிந்த உலகம், இன்று மேகமும் மழையும் செம்பனைக் காடுமாக அசல் போலவே தெரிகிறது. இப்போது வெளியே பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். சிக்கலும் அங்கேதான் ஆரம்பம்.

ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவர், பெயர் வேண்டாம், விமானத்தை மேலே ஏற்றுவார், திருப்புவார், எல்லாம் அழகாகச் செய்வார். இறக்கும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் இடிப்பார். "எனக்கு இதெல்லாம் வராது சார்" என்று ஒதுங்கிவிட்டார். நம் பிள்ளைகள் வாயில் இந்தச் சொல் எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது, பாருங்கள்! அவர் கையில் ஒரு குறையும் இல்லை. எல்லா மீட்டரும் ஒரே பார்வையில் தெரியட்டும் என்று, திரைக்குள் இருக்கும் கண்ணைக் கீழே இறக்கி, காட்சியையும் அகல விரித்து வைத்திருந்தார். அவ்வளவுதான் விஷயம்.

திரைக்குள் இருக்கும் கண்ணா? ஆமாம். இதில் இரண்டு கண் உண்டு. ஒன்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண். மற்றொன்று, விமான ஓட்டியின் இருக்கையில் கணினி நமக்காக வைத்திருக்கும் கண். அந்த இரண்டாவது கண்ணை மேலே, கீழே, பக்கவாட்டில், முன்னே, பின்னே நகர்த்தலாம்.

கண்ணின் இடம் மாறினால் கணக்கு மாறும் என்பதைத் தோட்டத்துப் பெரியவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நிறுவைத் தராசின் முள்ளை நேரே நின்று பார்த்தால் ஒரு எடை. பக்கத்தில் சாய்ந்து நின்று பார்த்தால் வேறு எடை. முள் அசையவே இல்லை. இது தெரிந்துதானே "நேரா நின்னு பாருங்க ஐயா" என்கிறோம்!

நிஜ விமானத்திலும் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. நம் நாட்டில் அடிக்கடி பார்க்கும் ஏர்பஸ் 320 விமானத்தில், முன் கண்ணாடிகளுக்கு நடுவில் உள்ள கம்பத்தில் சின்னச் சின்னக் குண்டுகள் இருக்கும், சிவப்பும் வெள்ளையுமாக. ஒன்றுக்குப் பின் ஒன்று மறைந்து நேர்கோட்டில் தெரியும் வரை விமான ஓட்டி தம் இருக்கையை ஏற்றி இறக்குவார். போயிங் 737-இல், மீட்டர் பலகையின் மேல்விளிம்பை ஒட்டிப் பார்வை போய், அதற்கு அப்பால் விமானத்தின் மூக்கு துளி தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். சின்னச் செஸ்னா விமானத்தில் பழகும் குள்ளமானவர்கள் மெத்தை வைத்து உட்காருவார்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இரண்டு விரல் அகலம் இறங்கினால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். கணக்குப் போடுவோம். உங்கள் கண் தரையிலிருந்து 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பலகையின் விளிம்பு கண்ணுக்கு 70 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. விளிம்புக்கு மேலாக 15 டிகிரி கீழ்நோக்கிப் பார்க்க முடிந்தால், முன்னால் 112 மீட்டர் தரை மறைந்திருக்கும். கண்ணை 4 சென்டிமீட்டர் இறக்குங்கள். 15 டிகிரி 12 ஆகிவிடும், மறையும் தரை 141 மீட்டர் ஆகிவிடும். 29 மீட்டர் ஓடுபாதை காணாமல் போய்விட்டது! மழையில், பனிமூட்டத்தில் விளக்குகளைத் தேடும் ஓட்டிக்கு அந்த 29 மீட்டர் பெரிய சொத்து. தெரியவில்லையே என்று மூக்கைத் தாழ்த்தினால், விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே இறங்கப் பார்க்கும்.

பக்கவாட்டும் அப்படித்தான். தலைவர் உட்காருவது இடப்பக்கம். பழகாத பிள்ளை, விமான மூக்கின் நடுப்பகுதியை ஓடுபாதையின் நடுக்கோட்டில் வைத்துப் பார்க்கும். அப்படிச் செய்தால் விமானம் இடப்பக்கம் திரும்பி நிற்கும். நடுக்கோடு உங்கள் சொந்த மூக்குக்கு நேரே வர வேண்டும் தம்பி. சிலர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று கண்ணை இரண்டு இருக்கைக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். இரண்டு இருக்கை உள்ள விமானத்தில் ஓட்டி அந்த இடத்தில் உட்காருவதில்லை.

அடுத்தது காட்சியின் அகலம். 27 அங்குலத் திரை ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் அகலம். அதை 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால், அந்தத் திரை உண்மையில் 53 டிகிரி அளவுள்ள ஒரு ஜன்னல். அதற்குள் 90 டிகிரி உலகத்தை அடைத்தால், நேரே தெரியும் ஓடுபாதை பாதி அளவுக்குச் சுருங்கிவிடும். பாதி அளவு என்றால் இரண்டு மடங்கு தூரம் போலத் தோன்றும். "இன்னும் தூரம் இருக்கு" என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சக்கரம் தரையில் இடிக்கும். நம்ம ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு நடந்தது இதுதான். மீட்டர் எல்லாம் தெரிய வேண்டும் என்ற ஆசை நியாயம்தான், ஆனால் இறங்கப் பழகும்போது 60 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது என் சிபாரிசு. எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில் டிகிரியாகவே குறிக்கலாம். மைக்ரோசாப்ட்டில் ஜூம் அளவை மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தினமும் அதே இடம். இறங்கும்போது கண்ணாடியில் ஒரு புள்ளி மட்டும் அசையாமல் நிற்கும். மற்றவை மேலேயோ கீழேயோ விலகிப் போகும். அசையாத அந்தப் புள்ளியை நோக்கித்தான் விமானம் போய்க்கொண்டிருக்கிறது. பாதி வழியில் கண்ணை நகர்த்தினால் அந்த அடையாளம் கெட்டுவிடும். நேற்று ஓர் உயரம், இன்று ஓர் உயரம் என்றால் நேற்றுப் பழகியது இன்றைக்கு உதவாது. 2020-இல் வந்த மைக்ரோசாப்ட் சிமுலேட்டரில், விசைகளை யாரும் மாற்றாமல் இருந்தால், அம்புக்குறி விசைகள் கண்ணை ஏற்றும், இறக்கும், பக்கவாட்டில் நகர்த்தும். சரியான இடம் வந்ததும் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஓர் எண்ணை அழுத்தினால் அந்த இடம் பதிவாகிவிடும். மறுநாள் ஆல்ட்டோடு அதே எண்ணை அழுத்தினால் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்ளலாம். செஸ்னாவுக்குப் பதிந்தது ஏர்பஸ்ஸுக்கு ஆகாது, அதற்குத் தனியாகப் பதிய வேண்டும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. விலை உயர்ந்த கருவி எதையும் வாங்கித் தரச் சொல்லவில்லை. பிள்ளையின் கண் திரையின் நடுவுக்கு நேரே வரும்படி, தலையணையோ பழைய அகராதியோ போட்டு நாற்காலியை உயர்த்திக் கொடுங்கள். திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை நூல் பிடித்து அளந்து, நாற்காலிக் கால் நிற்கும் இடத்தில் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பிள்ளை இடித்துவிட்டால் உடனே ஏசாமல், "கண்ணு எங்கப்பா இருக்கு?" என்று முதலில் கேளுங்கள்.

அந்த ஆறாம் ஆண்டு மாணவர் கண்ணைச் சரிசெய்த அன்று மூன்று முறை இறக்கினார். முதல் இரண்டு முறை இடித்தார். மூன்றாவது முறை குதித்துக் குதித்து நின்றது, ஆனால் ஓடுபாதையின் மேலேயே நின்றது. இப்போது அவர் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆல்ட் விசை எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருக்கிறார்.