தீனியில் நல்ல பற்றீரியா

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளியில் பற்றீரியா என்றதும் நாம் எழுதியது நோய்களின் பட்டியலைத்தான். நோயைத் தடுக்கும் பற்றீரியாவைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

வளர்ப்புக் குளத்தில் மீனோ இறாலோ நெருக்கமாக வாழ்கின்றன. மிஞ்சிய தீனியும் கழிவும் அடியில் படிகின்றன. அங்கே விப்றியோ போன்ற நோய்க் கிருமிகள் பெருகுகின்றன. கடன் வாங்கிக் குளம் வெட்டியவருக்கு ஒரு போகம் அழிந்தாலே பெரும் இடி. அந்தப் பயத்தில் பல நாடுகளிலும் பண்ணையாளர் தீனியில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலந்தார்கள்.

அதில் ஒரு பகுதி நீரிலும் சேற்றிலும் கலந்துவிடுகிறது. மருந்துக்குத் தப்பிய கிருமிகள் அதை எதிர்க்கும் மரபணுக்களை வேறு கிருமிகளுக்கும் கொடுக்கின்றன. மனிதருக்கு நோய் தரும் கிருமிகளும் அவற்றைப் பெறக்கூடும். நாளை எங்கள் பிள்ளைக்கு வைத்தியர் எழுதும் மருந்து வேலை செய்யாமற் போகலாம். வளர்ச்சியைத் தூண்டவெனத் தீனியில் இம்மருந்துகளைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முற்றாகத் தடை செய்ததற்கு இதுவே காரணம்.

மாற்று வழி எங்கள் குசினியிலேயே இருக்கிறது. பாலுக்கு உறைமோர் விட்டால், மோரிலுள்ள பற்றீரியா முந்திக்கொண்டு பெருகிப் பாலைப் புளிக்க வைக்கிறது. பாலைக் கெடுக்கும் கிருமிகளுக்கு இடமில்லாமற் போகிறது. மீனின் குடலிலும் இதே நியாயந்தான். தீனியோடு போகும் நல்ல பற்றீரியா கெட்ட கிருமியின் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்கிறது. சமிபாட்டுக்கு உதவும் நொதியங்களைச் சுரக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியையும் தூண்டுகிறது.

1986இல் கொசாசா என்ற ஜப்பானிய ஆய்வாளர் மஞ்சள்வால் மீனின் தீனியில் பசிலசு இனத்தின் வித்திகளைச் சேர்த்து, மீன் நன்றாக வளர்வதைக் கண்டார். பசிலசு வித்திகள், தீனியைக் குறுணியாக்கும்போது எழும் சூட்டைத் தாங்கும். தயிரில் வாழும் இலக்ரோபசிலசு வகை அதைத் தாங்காது. ஆறிய தீனியின் மேல் அதைப் பூசவேண்டும்.

ஆனால் இது சஞ்சீவி அல்ல. 1996இல் சிலாபம், புத்தளம் பகுதி இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் சூறையாடியது. அது வைரசால் வருவது. நல்ல பற்றீரியா அதைக் குணப்படுத்தாது. நோயற்ற குஞ்சுகளை வாங்குவதும், போகத்துக்குப் போகம் குளத்தைக் காயவிடுவதும், களப்புநீரைக் கவனமாக எடுப்பதுமே அதற்குக் காவல். வெயிலில் கிடந்த பொதியில் உயிருள்ள பற்றீரியா குறைந்துபோயிருக்கலாம். நுண்ணுயிர்க்கொல்லியையும் நல்ல பற்றீரியாவையும் ஒரே தீனியில் கலந்தால், முன்னது பின்னதைக் கொன்றுவிடும். மனிதருக்கு ஏற்ற இனம் குளிர்க்குருதி விலங்கான மீனுக்கு ஏற்றதென்றும் இல்லை. எனவே, எந்த இனம், ஒரு கிராமில் எத்தனை உயிர்க்கலங்கள், காலாவதி எப்போது என்று பொதியில் எழுதியிருக்கிறதா எனப் பண்ணையாளர் பார்த்தே வாங்கவேண்டும்.

சகோதரிகளே, உங்களில் வைத்தியர்கள், ஆசிரியைகள், வங்கி அலுவலர்கள், கடல்கடந்து வாழும் இல்லத்தரசிகள் இருக்கிறீர்கள். பண்ணைக்குக் கடன் கொடுப்பவர் நோய்த்தடுப்புத் திட்டத்தையும் கேளுங்கள். கற்பிப்பவர் நோய்க் கிருமியோடு நல்ல கிருமியையும் சொல்லிக்கொடுங்கள். சந்தையில் இறால் வாங்குபவர், அது எங்கே, எப்படி வளர்ந்ததென்று ஒரு வார்த்தை கேளுங்கள். வாங்குபவர் கேட்கத் தொடங்கினால், விற்பவர் பண்ணையாளரைக் கேட்பார். மருந்து மருந்தாகவே எஞ்சியிருக்க அது உதவும்.