காப்பதே பெருமை!



'பெருமை படைப்பதிலா, காப்பதிலா?' என்பது தலைப்பு. எதிரணி நண்பர் "படைப்பதில்தான்!" என்று முழங்கிவிட்டு உட்கார்ந்தார். பெரியபாளையத்துக்கு நான் வந்த பஸ்ஸிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆடி மாதம். பவானி அம்மன் கோயிலுக்குக் கூட்டம் நெரிகிறது. கண்டக்டர் தோளில் டிக்கெட் மிஷின் தொங்குகிறது. கையிலோ பழைய காகித டிக்கெட்! "ஏன் தம்பி?"ன்னு கேட்டேன். "மிஷின் நல்லாத்தான் சார் இருக்கு. கட்டணம் மாறிப்போச்சு. அதுக்குப் பழைய கணக்குதான் தெரியும். மாத்திக் கொடுக்கிற கம்பெனியை மூடிட்டாங்க" என்றார். எங்க பெரியப்பா மாதிரி! உடம்பு கல்லாட்டம் இருந்தது. கடைசிவரை அணாக் கணக்கிலேயே பேசினார். (சிரிப்பு)

கம்பெனியை ஏன் மூடினார்கள்? கணக்குப் போடுங்கள். ஒரு திருத்தம் எழுத 2 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். லட்சம் மிஷின் இருந்தால் ஒன்றுக்கு 2 ரூபாய். 100 மிஷின்தான் என்றால் ஒன்றுக்கு 2,000 ரூபாய்! உழைப்பு ஒன்றுதான், பங்குபோட ஆள் இல்லை. மிஷின் விற்ற காசு ஒரு தடவை வரும்; திருத்துகிற வேலை வருஷா வருஷம் வரும்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் 2001-இல் 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கணிப்பொறியைக் காட்டினார்கள். ஏழைக்கும் எட்ட வேண்டும், இந்திய மொழிகளில் பேச வேண்டும் என்பது கனவு. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்து 2004-இல் விற்பனைக்கு வந்தது. உலகமே பாராட்டியது. 2005 வரை விற்றதோ ஏறத்தாழ 4,000! அத்தனை பேருக்காக எத்தனை நாள் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவார்கள்? கோடிக்கணக்கில் செல்போன் வந்தது. எழுதுகிறவர்களும் அந்தப் பக்கம் போனார்கள்.

"அதில் இருந்தது லினக்ஸ், யாரும் திருத்தலாமே?" என்பார் நண்பர். கதவு திறந்திருந்தால் போதுமா ஐயா? உள்ளே வந்து விளக்கேற்ற ஆள் வேண்டாமா? அவருக்குக் கூலி வேண்டாமா? (கைதட்டல்)

அரசனுக்கு வேலை சொன்ன வள்ளுவர் ஈட்டலோடு நிறுத்தவில்லை. காத்தலையும் சேர்த்துச் சொன்னார். ஆகவே மிஷின் வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். ஐந்து வருஷம் கழித்து யார் திருத்துவார், அதற்கு யார் பணம் தருவார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இறங்கும்போது அந்தக் கண்டக்டர் தம்பி சொன்னார்: "கைக்கணக்கு முடிச்சு வீடு போக ராத்திரி ஒரு மணி நேரம் கூடுது சார்." காக்காத கருவியின் பாரத்தைக் கடைசியில் சுமப்பவர் அவர்தான். எனவே, காப்பதே பெருமை! (பலத்த கைதட்டல்)